விண்டோஸ் 11-க்கு ஆட்டோகேடை மாற்றும்போது எங்கெல்லாம் தவறு நடக்கிறது

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. வரைபட அலுவலகங்கள் ஒவ்வொன்றாக விண்டோஸ் 11-க்கு மாறிக்கொண்டிருக்கின்றன. புதிய சிஸ்டத்தில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளை ஏற்றி, ஒரு டிராயிங்கைத் திறந்து பார்த்து, சரியாகத்தான் தெரிகிறது என்று அன்று மாலையே பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்வதுதான் இதில் மிகப் பெரிய தவறு. மென்பொருளை மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம். பல வருடம் திருத்தித் திருத்திச் சேர்த்த பென் அமைப்பும் (அச்சில் எந்தக் கோடு எந்தத் தடிமனில் வர வேண்டும் என்பது) எழுத்துருக்களும், ஆட்டோகேடுக்குள் ஓடும் சிறு லிஸ்ப் நிரல்களும் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும்.

எதை எடுத்து வைக்க வேண்டும்

ஸ்டார்ட் மெனுவில் ஆட்டோகேடுக்குக் கீழே ‘எக்ஸ்போர்ட் செட்டிங்ஸ்’ இருக்கிறது. அது அமைப்புகளை ஒரு ஜிப் கோப்பாகக் கட்டித் தரும். அதைச் செய்யுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். டி டிரைவில் வைத்த லிஸ்ப் ஃபோல்டர், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் யாரோ போட்டுவைத்த, ஆட்டோகேடுக்கே உரிய எஸ்எச்எக்ஸ் எழுத்துரு போன்றவற்றைக் கையால்தான் எடுக்க வேண்டும். ஆப்ஷன்ஸ் பெட்டியில் ஃபைல்ஸ் பக்கத்துக்குப் போய் ‘சப்போர்ட் ஃபைல் சர்ச் பாத்’ பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து பாருங்கள். கமாண்ட் வரியில் ‘ஸ்டைல்ஸ்மேனேஜர்’ என்று தட்டினால் பென் அமைப்பைக் கொண்ட சிடிபி, எஸ்டிபி கோப்புகள் உள்ள ஃபோல்டர் திறக்கும். ‘பிளாட்டர்மேனேஜர்’ என்று தட்டினால் பிளாட்டரின் (பெரிய தாளில் அச்சிடும் இயந்திரம்) அமைப்பைக் கொண்ட பிசி3 கோப்புகள் உள்ள ஃபோல்டர் திறக்கும். அதற்குள்ளேயே தாள் அளவுகளைக் கொண்ட பிஎம்பி ஃபோல்டரும் இருக்கும். இவற்றோடு டிடபிள்யூடி டெம்ப்ளேட், லின் கோடு வகைகள், பேட் ஹேட்ச் வகைகள், பிஜிபி (சுருக்கக் கமாண்டுகள்), சியுஐஎக்ஸ் (மெனு, டூல்பார்) ஆகியவற்றையும் எடுங்கள்.

சிடிபி தவறிப்போனால் உடனே தெரியாது. திரையில் டிராயிங் முன்பு போலவே இருக்கும். பிளாட் எடுத்தால்தான் சுவரும் அளவுக் கோடும் ஒரே தடிமனில் வந்து நிற்கும். தடிமன் தனியாகக் குறிக்கப்படாத கோடுகளுக்கு ஆட்டோகேட் 0.25 மி.மீ. என்ற இயல்பு அளவைக் கொடுத்துவிடுகிறது என்பதே காரணம்.

எடுத்து வைத்ததைத் திரும்பப் போடுவதிலும் கவனம் வேண்டும். உங்கள் ஆப்ஷன்ஸ் அமைப்புகளைச் சேமித்த பழைய ஏஆர்ஜி புரொஃபைலைப் புதிய பதிப்பில் அப்படியே இம்போர்ட் செய்யாதீர்கள். அந்தக் கோப்புக்குள் பழைய பதிப்பின், பழைய பயனர் பெயரின் முழு முகவரிகள் எழுதப்பட்டிருக்கும். புதிய ஆட்டோகேட், இப்போது இல்லாத அந்த ஃபோல்டர்களைத் தேடிக்கொண்டிருக்கும். புரொஃபைலைப் புதிதாக அமைப்பதற்கு அரை மணி நேரம் செலவழிப்பதே நல்லது. பிஜிபி கோப்பையும் மேலெழுதக் கூடாது. உங்கள் சுருக்கக் கமாண்டுகளை மட்டும் நகலெடுத்துப் புதிய கோப்பின் கடைசியில் ஒட்டி, ‘ரீஇனிட்’ கொடுங்கள். ஒரே சுருக்கம் இரண்டு முறை இருந்தால் கடைசியாக வருவதைத்தான் ஆட்டோகேட் எடுத்துக்கொள்ளும். பழைய சியுஐஎக்ஸை முதன்மைக் கோப்பாக வைத்தால் புதிய பதிப்பின் ரிப்பனும் கட்டளைகளும் காணாமல் போகும். ‘சியுஐ’ பெட்டியின் டிரான்ஸ்ஃபர் பக்கத்தில் உங்கள் டூல்பாரை மட்டும் இழுத்துக்கொள்ளலாம்.

எழுத்துரு

தமிழில் குறிப்பு எழுதப்பட்ட டிராயிங் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் எழுதியிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் தமிழ் வரிகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். டிராயிங் கெட்டுவிட்டது என்று நினைத்து யாராவது அழித்துத் திரும்ப எழுதத் தொடங்கினால் வேலை இரட்டிப்பாகும். எழுத்துருவை ஏற்றினால் போதும்.

அதை ஏற்றும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி ‘இன்ஸ்டால்’ அழுத்தினால், விண்டோஸ் அதை அந்தப் பயனருக்கு மட்டும் உரிய ஃபோல்டரில் வைக்கிறது. வேர்டில் தெரியும் எழுத்துரு ஆட்டோகேடில் தெரியாமல் போவது இதனால்தான். வலது சொடுக்கில் ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11-இல் அது கண்ணில் படாவிட்டால் முதலில் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ அழுத்த வேண்டும்.

எந்த டிராயிங்குக்கு எந்த எழுத்துரு என்று நினைவில்லையா? பழைய சிஸ்டத்திலேயே அதைத் திறந்து ‘இ-டிரான்ஸ்மிட்’ கொடுங்கள். எக்ஸ்ரெஃப் (இணைத்த வெளி டிராயிங்குகள்), பிளாட் ஸ்டைல் எல்லாம் தொகுப்பாக வரும். எழுத்துருக்களையும் சேர்க்கும் பெட்டியில் டிக் வைத்துக்கொள்ளுங்கள்.

துணை நிரல்கள்

சாதாரண லிஸ்ப் நிரல்கள் பெரும்பாலும் புதிய பதிப்பிலும் ஓடும். சி++ மொழியில் எழுதிய ஏஆர்எக்ஸ் நிரல்கள் அப்படியல்ல. அவை பதிப்போடு கட்டப்பட்டவை. ஆட்டோகேட் 2025-இல், மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட் ஃபிரேம்வொர்க்கை விட்டு டாட்நெட் 8-க்கு மாறிவிட்டார்கள். 2024 வரை ஓடிய டாட்நெட் நிரலுக்கு 2025-இல் இடமில்லாமல் போகலாம். அளவுப் பட்டியல் எடுப்பது, இரும்பு வளைவுப் பட்டியல் போடுவது என்று அன்றாட வேலை ஒரு துணை நிரலை நம்பி இருக்கிறதென்றால், அதைத் தயாரித்தவரிடம் கேட்ட பிறகே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். விபிஏ மேக்ரோ வைத்திருந்தால், 2010 பதிப்பிலிருந்தே அதை ஓட்டும் மாட்யூலைத் தனியாக இறக்கி ஏற்ற வேண்டியிருக்கிறது.

லிஸ்ப் ஏற்றும்போது எச்சரிக்கைப் பெட்டி வந்தால், அந்தப் பெட்டியைக் கட்டுப்படுத்தும் ‘செக்யூர்லோட்’ மதிப்பை 0 ஆக்கிவிடும் பழக்கம் ஆபத்தானது. டிராயிங் ஃபோல்டரோடு சேர்ந்து வரும் லிஸ்ப் வைரஸ்கள் பரவுவதே அந்த வழியில்தான். உங்கள் லிஸ்ப் ஃபோல்டரை ‘டிரஸ்டட் லொகேஷன்ஸ்’ பட்டியலில் சேர்த்தால் பெட்டி தானாக நின்றுவிடும்.

கோப்பு வடிவம்

டிராயிங் சேமிக்கப்படும் டிடபிள்யூஜி கோப்பு ஆட்டோகேட் 2018 முதல் 2026 வரை ஒரே வடிவம்தான். 2013 முதல் 2017 வரை வேறொன்று. புதிய சிஸ்டத்தில் சேமித்த கோப்பை 2015 வைத்திருக்கும் கட்டமைப்புப் பொறியாளரால் திறக்க முடியாது. ஆப்ஷன்ஸில் ‘ஓப்பன் அண்ட் சேவ்’ பக்கத்தில் சேமிக்கும் வடிவத்தை 2013 என்று வைத்தால் பிரச்சினை தீரும். கட்டட மாடல் மென்பொருளான ரெவிட்டில் இந்த வசதியே கிடையாது. ஒரு மாடலைப் புதிய பதிப்பில் திறந்து சேமித்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. நடந்துகொண்டிருக்கும் ரெவிட் வேலையை, அதில் பங்குள்ள எல்லாரும் ஒரே நாளில் மாறினாலொழியத் தொடாதீர்கள்.

விண்டோஸ் பக்கம்

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை), இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். பழைய முறையில் எம்பிஆர் ஆகப் பிரிக்கப்பட்ட டிஸ்க் இருந்தால், பயாஸில் நேராக யுஇஎஃப்ஐ-க்கு மாற்றினால் சிஸ்டம் பூட் ஆகாது. முதலில் ‘எம்பிஆர்2ஜிபிடி’ கருவியால் டிஸ்க்கை மாற்ற வேண்டும், பிறகுதான் பயாஸ். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் பயாஸைத் தொடும் முன்பே 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். ஸ்னாப்டிராகன் பிராசசர் உள்ள மடிக்கணினியை ஆட்டோகேடுக்காக வாங்காதீர்கள். அதில் ஓடுவது ஏஆர்எம் வகை விண்டோஸ்; ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் அதில் ஆட்டோகேடை ஆதரிப்பதில்லை.

இருக்கும் சிஸ்டத்திலேயே மேம்படுத்தினால் பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம். வரைபட வேலையில் பிழை வெளிப்பட அது போதாது. விண்டோஸின் டிஸ்ம் கட்டளையால் அதை 60 நாள் வரை நீட்டலாம், ஆனால் அந்த 10 நாளுக்குள் செய்தாக வேண்டும்.

ஒன்டிரைவ் பேக்கப்புக்குச் சம்மதம் கொடுத்துவிட்டால் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டர்களின் முகவரியே மாறும். முழு முகவரியோடு இணைத்த எக்ஸ்ரெஃப்கள் ‘நாட் ஃபவுண்ட்’ ஆகும். பிராஜெக்ட் ஃபோல்டர்களை அங்கே வைக்காதீர்கள்.

பிளாட்டர்

புதிய டிரைவர் பிரிண்டருக்கு வேறு பெயர் சூட்டியிருந்தால், டிராயிங்கில் சேமித்த பேஜ் செட்டப் பழைய பெயரைத் தேடிக் கிடைக்காமல் ‘நன்’ (பிரிண்டர் எதுவும் இல்லை) என்று மாறிவிடும். பிரிண்டருக்குப் பழைய பெயரையே எழுத்து மாறாமல் வையுங்கள். டிரைவர் மாறினால் தாளின் அச்சிடக்கூடிய விளிம்பும் மாறக்கூடும். ‘ஃபிட் டு பேப்பர்’ போட்டு எடுப்பவர்களுக்கு அளவு 1 அல்லது 2 சதவீதம் சுருங்கிப்போனாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு ஏ1 டிராயிங்கில், தாளில் 100 மி.மீ. வரும்படி குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் போடுங்கள். இரண்டு சிஸ்டத்திலிருந்தும் 1:1-இல் பிளாட் எடுத்து, ஸ்டீல் ஸ்கேலால் அளந்து, இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோட்டின் தடிமன், ஹேட்ச், எழுத்தின் அகலம், டைட்டில் பிளாக் இருக்கும் இடம் எல்லாம் பொருந்திய பிறகு பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யலாம்.