ஜார்ஜியன் செங்கல் வீட்டில் கை வைக்கும் முன்

போன வாரம் லண்டனில், 1780-களில், அதாவது ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட ஜார்ஜியன் காலத்தில் கட்டிய ஒரு வீட்டின் முன்சுவரில், சாந்தை அறுத்தெடுக்கும் கிரைண்டரை வைக்கப் போனான் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன். கத்தித்தான் நிறுத்தினேன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி நின்றவன் நான். சாரத்தில் ஏறும்போது கவனம் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள், விடுங்கள். இந்த மாதிரி வீடுகளில் நாம் செய்யும் தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன்.

சிமென்ட் பாயிண்டிங் (செங்கல் இடுக்குகளில் சிமென்ட் பூசுவது)

சிமென்ட் கெட்டி, அதனால் நல்லது. இந்த நினைப்பைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். இந்த வீடு எழும்பியபோது போர்ட்லண்ட் சிமென்டே கிடையாது. ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-இல். சுவர் முழுக்க சுண்ணாம்புச் சாந்து. மழையில் நனைந்த சுவர் பெரும்பாலும் அந்தச் சாந்து வழியாகத்தான் காயும். அதை சிமென்டால் அடைத்தால் ஈரமும் உப்பும் செங்கல் வழியாக வெளியே வரப் பார்க்கும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும், செங்கலின் முகம் பெயர்ந்துவிடும். சாந்து தேய்ந்தால் மறுபடி பூசலாம். சூளையில் வெந்த அந்த மேல்தோல் போனால் போனதுதான்.

நான் முதன்முதலாகத் தனியாக எடுத்த வேலை. பழைய சாந்து மாவாக உதிர்கிறதே என்று ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து போட்டு, கோடு கோடாக இழுத்துவிட்டேன். வீட்டுக்காரம்மா டீ கொடுத்துப் பாராட்டினார். மூன்றாவது குளிர்காலத்தில் அவரே கூப்பிட்டார். வாசற்படி முழுக்க மஞ்சள் செங்கல் சில்லுகள். நிமிர்ந்து பார்த்தால் கல்லெல்லாம் உள்வாங்கி, என் சிமென்ட் மட்டும் தேனடைபோலத் துருத்திக்கொண்டு நிற்கிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட கல்லை மாற்றினேன், என் காசில்.

சரி, எப்படிச் செய்வது? பழைய சாந்தைக் கையால் சுரண்டுங்கள், கிரைண்டர் கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். சுவரை நனைத்துச் சுண்ணாம்புச் சாந்து வையுங்கள், ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். உறைபனி மாதங்களில் தொடவே வேண்டாம்.

ஃபிளெமிஷ் கட்டுமுறையை நம்புவது

சுவரின் நீளவாக்கில் நெடுக்குக்கல் ஒன்று, சுவருக்குள் நுழைந்து பிடிக்கும் குறுக்குக்கல் ஒன்று என்று மாறி மாறி அழகாகத் தெரியும். முகப்புக்கான நல்ல கல் விலை அதிகம் என்பதால், குறுக்குக்கல்லைப் பாதியாக உடைத்து ஒப்புக்கு வைத்த மேஸ்திரிகள் அன்றும் இருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வெளிச்சுவரை உள்சுவரோடு பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது. முன்சுவர் உப்பியிருந்தால் பூச்சு வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அடைத்த ஜன்னலெல்லாம் வரிக்காகவா?

இல்லை. ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து வசூலித்த ஜன்னல் வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. ஆனால் சமச்சீருக்காகக் கட்டும்போதே குருட்டு ஜன்னல் வைத்த வீடுகள் ஏராளம்.

செங்கல்லுக்குப் பெயின்ட்

அடிக்காதீர்கள்.

முகப்பை வைத்து வயது சொல்வது

1774-இல் வந்த கட்டடச் சட்டத்துக்குப் பிறகு லண்டனில் ஜன்னலின் பெட்டி போன்ற மரச்சட்டகம் செங்கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அப்புறம் என்ன, மரச்சட்டகம் வெளியே தெரியவில்லையா, 1774-க்குப் பிந்தைய வீடு என்று சொல்லிவிடுவார்கள். ஜன்னலைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம். முகப்பு மட்டும் ஜார்ஜியனாக, உள்ளே அதற்கும் முந்தைய மரக்கட்டுமானம் இருக்கும் வீடுகளும் உண்டு. நான் முதலில் பின்பக்கம் போவேன், அப்புறம் டார்ச்சோடு நிலவறைக்கு.