முதல் மாடல் படகு: சட்டம் முதல் கயிறு வரை

முதன்முதலாகக் கட்டுபவர்கள் பலரும் மூன்று பாய்மரக் கப்பலின் படத்தைப் பார்த்து மயங்கித்தான் இறங்குகிறார்கள். அது பாதியில் நின்றுபோகவே வாய்ப்பு அதிகம். சிறிய அறை ஒன்றுள்ள மீன்பிடிப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். 9 மீட்டர் படகு 1:24 அளவில், அதாவது நிஜத்தில் 24-இல் ஒரு பங்காக, 375 மி.மீ. வரும். 1:48-க்குப் போனால் 19 செ.மீ.க்குள் சுருங்கிவிடும், 25 மி.மீ. கைப்பிடிக் கம்பியை அரை மி.மீ. தடிமனில் செய்ய வேண்டியிருக்கும். சின்னதாகக் கட்டினால் சுலபம் என்பது தப்புக்கணக்கு.

வேண்டியவை

அடிக்கட்டைக்கு (படகின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) 4 மி.மீ. பிளைவுட், குறுக்குச் சட்டங்களுக்கு 3 மி.மீ. பிளைவுட், உடலை மூட 1.5 × 5 மி.மீ. பாஸ்வுட் என்னும் மென்மரக் கீற்றுகள் (450 மி.மீ. நீளத்தில் 45), மரப்பசை, இன்ஸ்டன்ட் பசை, 120, 180, 240 எண் உப்புத்தாள், கத்தி, மெல்லிய ரம்பம், மூலைமட்டம், நிறைய துணி கிளிப்.

1. சட்டம்

வரைபடத்தை பிளைவுட்டில் ஒட்டி, கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே அறுத்து, மிச்சத்தை அரத்தால் கோடு வரை தேயுங்கள். சட்டங்கள் அடிக்கட்டையின் பள்ளத்தில் விரலால் அழுத்தினாலே இறங்க வேண்டும். தட்டித்தான் இறங்குகிறது என்றால் பள்ளம் இறுக்கம்; அப்படியே விட்டால் அடிக்கட்டை வளையும். முதலில் பசையில்லாமல் எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள். பிறகு வளையாத தடிப் பலகையில் நடுக்கோடு போட்டு, அதன்மேல் அடிக்கட்டையை நிறுத்தி, ஒவ்வொரு சட்டத்தையும் மூலைமட்டம் வைத்து மரப்பசையால் ஒட்டுங்கள். ஒரு நாள் காயட்டும். சட்டங்களுக்கு நடுவே 40 மி.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள். கீற்று அங்கே உள்வாங்கும்.

2. சாய்வு தேய்த்தல்

படகின் அழகு இங்கேதான் தீர்மானமாகிறது, அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போவதும் இந்த இடத்தைத்தான். முன்பக்கமான அணியத்தை நோக்கி உடல் குறுகுவதால், சட்டத்தின் ஓரம் சதுரமாக இருந்தால் கீற்று அதன் ஒரு முனையில் மட்டும்தான் படும். சட்ட ஓரங்களில் பென்சிலால் கறுப்பாகத் தீட்டுங்கள், எங்கே தேய்ந்தது என்று தெரியும். நீளமான தட்டைக் கட்டையில் 120 உப்புத்தாள் ஒட்டி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சட்டங்கள்மேல் படும்படி தேயுங்கள். பிறகு ஒரு கீற்றை அணியத்திலிருந்து பின்பக்கம் வரை வளைத்து வைத்துப் பாருங்கள். ஓரத்தின் முழு அகலத்திலும் படிகிறதா? ஏதாவது ஒரு சட்டத்தில் தூக்கி நின்றால் அதைத் தேயுங்கள். எங்காவது பள்ளம் விழுந்தால் மெல்லிய துண்டு ஒட்டி மறுபடி தேயுங்கள். பள்ளம் நிரப்பும் பட்டியால் (putty) பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால் அந்த மேடுபள்ளம் பெயின்ட்டுக்கு அடியில் பளிச்சென்று தெரியும்.

3. கீற்று ஒட்டுதல்

நடுச்சட்டத்தில் ஒரு பக்கச் சுற்றளவு 90 மி.மீ. என்றால் 5 மி.மீ. கீற்று 18 தேவை. அணியத்தில் சுற்றளவு 54 மி.மீ. தான் என்றால் 54-ஐ 18-ஆல் வகுங்கள்: அங்கே ஒவ்வொரு கீற்றும் 3 மி.மீ. அகலத்துக்குச் சீவப்பட வேண்டும். சீவாமல் ஒட்டினால் கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பாதி அகலத்துக்குக் கீழேயும் சீவாதீர்கள், முனை பிளந்துவிடும்.

வளைக்க வேண்டிய கீற்றை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, படகிலேயே கிளிப் போட்டு வளைத்து, இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு ஒட்டுவது பெரிய தப்பு: ஊறிய மரம் அகலத்தில் உப்பியிருக்கும், காய்ந்ததும் சுருங்கி வரிக்கு வரி இடைவெளி காட்டும்.

மேல்விளிம்பில் தொடங்கி, இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கமாக நாலைந்து ஒட்டினால் அந்த இழுப்பில் உடல் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும், அதை நிமிர்த்தவே முடியாது.

4. தேய்த்தலும் பெயின்ட்டும்

பட்டி பூசி, 120, 180, 240 என்று வரிசையாகத் தேயுங்கள். 1.5 மி.மீ. கீற்றில் அரை மி.மீ.க்கு மேல் போனால் ஓட்டை விழலாம். சாம்பல் பிரைமர் அடித்தால் ஒளிந்திருந்த குறையெல்லாம் வெளியே வரும். திருத்திவிட்டு மறுபடி அடியுங்கள். நீர்மட்டக் கோட்டுக்கு, படகை நேராக நிறுத்தி, ஒரு கட்டையில் பென்சிலைக் கட்டிச் சுற்றிலும் இழுத்தால் போதும். மாஸ்கிங் டேப் ஒட்டியதும் முதலில் ஏற்கெனவே அடித்த நிறத்தையே விளிம்பில் மெல்லியதாகப் பூசுங்கள். கசிந்தாலும் அதே நிறம்தான் கசியும்.

5. நுணுக்கங்கள்

அட்டையில் 70 மி.மீ. உயர ஆள் ஒன்றை வெட்டி மேல்தளத்தில் நிறுத்துங்கள். 1:24-இல் சராசரி மனிதர் அவ்வளவுதான். கதவு அவர் தோளுக்கு நின்றாலோ கைப்பிடி மார்புக்கு மேலே போனாலோ, ஒட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். 24 மி.மீ. கயிற்றுக்கு 1 மி.மீ. நூல் போதும், தேன்மெழுகில் இழுத்தால் பிசிறு அடங்கும். நூல் முனையில் ஒரு சொட்டு இன்ஸ்டன்ட் பசை வைத்து, காய்ந்தபின் சாய்வாக வெட்டுங்கள், எந்தத் துளையிலும் நுழையும்.