விளையாட்டு இதழியல் படிக்க விரும்பும் குமரி மாவட்ட மாணவர்களுக்கு

விளையாட்டு இதழியல் என்ற பெயரிலேயே ஒரு பட்டப்படிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. இதழியல், காட்சித் தொடர்பியல், தமிழ், ஆங்கிலம் என எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தாலும், முதுகலைக்குத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது.

ஆனால் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மைதானத்துக்குச் செல்லத் தொடங்கிவிட வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது; அதைவிட, தூத்தூர், இரவிபுத்தன்துறை போன்ற கால்பந்து ஊறிய கடற்கரை ஊர்கள் இருக்கின்றன. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துப் போட்டி வரை சென்ற மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்தான்.

ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதே சென்று, இரு பயிற்சியாளர்களிடமும் ஆட்டக்காரர்களின் பெயரையும் சட்டை எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் அஜின், சஜின், ஜெபின் என ஒலி ஒத்த பெயர்கள் ஒரே அணியில் இருக்கக்கூடும். பெயர் மாறி அச்சானால் அந்தப் பையனின் வீட்டார் வெட்டிவைக்க நினைத்த செய்தி வீணாகிவிடும். குறிப்பேட்டின் இடப்பக்கம் நிமிடத்தையும் வலப்பக்கம் நிகழ்வையும் எழுதுங்கள்: ‘63 – வலது கார்னர், 9ஆம் எண் தலையால் முட்டி கோல்.’

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரிடம் ‘வெற்றி எப்படி இருக்கிறது?’ என்று கேட்காமல், ‘இடைவேளைக்குப் பின் இடது பின்கள ஆட்டக்காரரை ஏன் மாற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். அன்றிரவே 200 சொற்களில் எழுதி முடித்து, மறுநாள் ஆசிரியரிடம் திருத்தத்துக்குக் கொடுங்கள்.