செகண்ட் ஹேண்ட் கார்: மைலேஜ் கணக்கில் நாம் கோட்டை விடும் இடங்கள்

போன மாதம் தங்கை வீட்டுக்காரர் நாமக்கல்லில் இருந்து போன் செய்தார். "மச்சான், நாலரை லட்சம் ரெடி பண்ணிட்டேன். நல்ல மைலேஜ் தர்ற வண்டியா ஒண்ணு பாருங்க. ஆனா கொல்லிமலை ஏறும்போது திணறக் கூடாது." அவர்களுக்குக் குலதெய்வம் மலை மேல். 70 கொண்டை ஊசி வளைவு, வண்டியில் நாலு பேர், ஏசி, டிக்கி நிறைய பொங்கல் சாமான். பிக்கப்பும் வேண்டும், மைலேஜும் வேண்டும், கையில் இருக்கும் பணமோ அளவானது.

அவர் ஏற்கெனவே ஒரு வண்டியை மனதில் முடித்து வைத்திருந்தார். 2015 மாடல் டீசல் செடான். "இருபத்தி ரெண்டு குடுக்குதாம் மச்சான்" என்றார். பல வருடங்களாகச் சொந்தக்காரர்களோடும் நண்பர்களோடும் பழைய கார் பார்க்கப் போய் வருகிறேன். பணம் வீணாகப் போனதை நான் பார்த்த இடங்களிலெல்லாம் பேச்சு இந்த ஒரு எண்ணில்தான் தொடங்கியது.

முதலில் அந்த எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 9,600 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கும் வண்டி 640 லிட்டர் குடிக்கும். 18 கொடுக்கும் வண்டிக்கு 533 லிட்டர் போதும். வித்தியாசம் வருடத்துக்கு ஏறக்குறைய 10,700 ரூபாய். இந்த மூன்று கிலோமீட்டருக்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கினால், போட்ட பணம் திரும்ப ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். வாங்கிய இரண்டாம் மாதமே நாலு டயரும் கிளட்ச் செட்டும் மாற்ற வேண்டி வந்தால், இரண்டு மூன்று வருட மிச்சம் ஒரே நாளில் கரைந்துவிடும். மைலேஜ் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மைலேஜுக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. அதைப் பேப்பரில் எழுதிப் பார்க்காமல் வண்டி பார்க்கக் கிளம்பக் கூடாது.

விளம்பரத்தில் வரும் எண்ணும் நம் ரோட்டு எண் இல்லை. அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, ஏசி போடாமல், அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகத்துக்குள் எடுப்பது. 2018இல் வந்த பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு அப்படிக் கிடைத்த எண் 22. டவுனுக்குள் ஏசியோடு ஓட்டினால் 13, 14 வரும். பைபாஸில் 80ஐத் தாண்டாமல் பிடித்தால் 18, 19 வரும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கார்களில் இதனால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே சொல்லியிருக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் எரிபொருள் குழாய், ரப்பர் பாகங்கள் இந்தக் கலவையைத் தாங்கும்படி வருகின்றன. அதற்கு முந்தைய வண்டி என்றால், பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று கவனியுங்கள்.

டீசல் ஆசை

மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்த டீசலை வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். 2014இல் நானும் மைலேஜை நம்பி ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். மாதம் 500 கிலோமீட்டர்கூட ஓடாது. வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு, அவ்வளவுதான். ஒன்றரை வருடத்தில் இன்ஜெக்டர் வேலை வந்தது, அடுத்து டர்போ. டீசலில் நான் மிச்சம் பிடித்ததைவிட ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தது அதிகம். வண்டியின் மேல் குற்றமில்லை. அது ஓட வேண்டிய வண்டி. நான் நிறுத்தி வைத்திருந்தேன்.

மாருதியின் டீசல்களில் இருந்த 1,248 சிசி இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், ஃபியட் புன்டோ, டாடா விஸ்டா என்று பல வண்டிகளில் ஓடியது. நெடுஞ்சாலையில் அதன் மைலேஜை இன்றும் மனதாரப் பாராட்டுவேன். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவர், நன்றாகப் பராமரித்த ஒன்று கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிமுறை வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆகவே சந்தையில் கிடைப்பதெல்லாம் வயதான வண்டிகள். பி.எஸ். 6 டீசல் வேறு கம்பெனியில் பார்த்தால், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று அதில் இருக்கும். நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். மாற்றுவதற்குப் பெரிய தொகை ஆகும்.

பிக்கப் எங்கிருந்து வருகிறது

சின்ன இன்ஜின் என்றால் மைலேஜ் என்று நினைப்பது அடுத்த தவறு. 2019இல் வந்த வேகன்ஆரில் 1 லிட்டர், 1.2 லிட்டர் என்று இரண்டு இன்ஜின். கம்பெனி சொன்ன மைலேஜில் இரண்டுக்கும் வித்தியாசம் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். திறனில் வித்தியாசம் அதிகம்: சின்னது 68 குதிரைத்திறன், பெரியது 83. அப்போதைய ஸ்விஃப்டில் இருந்த அதே 1.2 இன்ஜின், ஸ்விஃப்டைவிட எடை குறைந்த வண்டியில். நாலு பேரோடு மலை ஏறும்போது 1 லிட்டர் இன்ஜினை முதல், இரண்டாம் கியரிலேயே கத்தவிட வேண்டியிருக்கும். அப்போது அது குடிக்கும் பெட்ரோல் பெரிய இன்ஜின் குடிப்பதைவிடக் கூடிவிடலாம். தனியாக ஆபீஸுக்குப் போய் வருகிறவருக்கு 1 லிட்டர் போதும். குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்களுக்கு நான் எப்போதும் எடை குறைந்த உடம்பில் 1.2 பெட்ரோலைத்தான் சொல்கிறேன்.

அதே காரணத்தால் எனக்குப் பிடித்த இன்னொன்று ஹோண்டா பிரியோ. குட்டி வண்டியில் 88 குதிரைத்திறன். கம்பெனி அதை நிறுத்திவிட்டதால் கேட்பாரில்லை, விலையும் இறங்கிக் கிடக்கிறது. ஃபோர்டு 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஃபிகோவின் 1.5 டீசலில் 100 குதிரைத்திறன் இருந்தது. மைலேஜும் பிக்கப்பும் ஒன்றாகக் கிடைத்த வண்டி அது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரும், அந்த வண்டியில் கை பழகிய மெக்கானிக்கும் இருந்தால் யோசிக்கலாம். ஒரு ஹெட்லைட்டுக்காக மூன்று வாரம் காத்திருக்க முடியாதவர் தொட வேண்டாம்.

வருடத்தைப் பார்க்கும்போது 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதா என்று பாருங்கள். ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் அப்போதிருந்து அடிமட்ட வேரியன்டிலும் கட்டாயம். திடீரென்று பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அதே வருடம் ஏப்ரலிலிருந்து. அலாய் வீலுக்கும் பெரிய ஸ்க்ரீனுக்கும் பழைய மாடலில் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுத்தால் மனசுக்கு நிம்மதி.

மாடல் சரி, இந்த வண்டி சரியா?

எந்த மாடல் என்று இரண்டு மாதம் தேடுகிறவர்கள், கண் முன்னால் நிற்கும் வண்டியை இருபது நிமிடத்தில் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஒரே மாடல், ஒரே வருடம், இரண்டு வண்டிகளில் ஒன்று 18 கொடுக்கும், மற்றது 12 கொடுக்கும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும், கிளட்ச் வழுக்கினாலும், ஆக்சிஜன் சென்சார் கெட்டாலும் மைலேஜும் போகும், பிக்கப்பும் போகும்.

தமிழ்நாட்டில் நான் முதலில் பயப்படுவது வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பதை எல்லோரும் பார்த்தோம். இன்சூரன்ஸ் கம்பெனி மொத்த நஷ்டம் என்று கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்தில் போய், கழுவிக் காய வைத்து, வெளியூர் சந்தைக்கு வருகின்றன. வெளியே பளபளவென்று இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத அந்த அடிப்பகுதியில் சேற்றுக் கறை நிற்கும். சீட்டுக்கு அடியில் அது நகரும் இரும்புப் பட்டையும் போல்ட்டும் துருப்பிடித்திருக்கிறதா, ஸ்டெப்னிக் குழியில் மண் படிந்திருக்கிறதா, டாஷ்போர்டுக்குக் கீழே வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியை ஏற்றி, ஏசி போடாமல் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஈர வாடை வந்தாலும், அதை மறைக்கக் கடுமையான சென்ட் அடித்திருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். இன்ஜினைச் சரி செய்துவிடலாம். நனைந்த வயரிங்கும் கன்ட்ரோல் யூனிட்டும் வருடக்கணக்கில் படுத்தும்.

மீட்டரை நம்பாதீர்கள். டிஜிட்டல் மீட்டரையும் திருப்பிவிடுகிறார்கள். மீட்டர் 40,000 காட்டும்போது பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் தோல் மினுங்கினால் கணக்கு இடிக்கிறது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். 2019 வண்டி, 30,000 ஓடியது என்கிறார்கள், நாலு டயரும் 2023இல் தயாரானவை என்றால் ஏன் என்று கேளுங்கள். உறுதியான வழி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனரை வைத்துக்கொண்டே வண்டி நம்பரைக் கொடுத்து சர்வீஸ் ரெக்கார்டு கேட்பது. ஒவ்வொரு முறை வந்தபோதும் எத்தனை கிலோமீட்டர் என்று அதில் இருக்கும். மஞ்சள் போர்டில் டாக்சியாக ஓடி வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டியும் இதில் வெளிப்பட்டுவிடும்.

காலை வேளையில், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினின் குணத்தை யாரோ மறைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. நிற்காத வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. பிறகு ஓட்டுங்கள், அதுவும் ஒரு மேட்டில். மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது. பெயின்ட், டிங்கரிங், பட்டி பார்த்த இடம் இவற்றையெல்லாம் நல்ல டிங்கர் ஒருவர் விரலால் தட்டியே சொல்லிவிடுவார். அவருக்கும் மெக்கானிக்குக்கும் சேர்த்து ஆயிரம் இரண்டாயிரம் கொடுக்கத் தயங்காதீர்கள். விற்பவர் ஏற்பாடு செய்யும் மெக்கானிக் மட்டும் வேண்டாம்.

விலையும் பேப்பரும்

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்து, புது வண்டி விலை இறங்கியது. பழைய விலைப் பட்டியலை வைத்துப் பேசும் புரோக்கரிடம் அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலையைக் காட்டிப் பேசுங்கள். கையில் இருப்பதை முழுவதும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் பத்தில் ஒரு பங்கை ஆயில், பேட்டரி, டயருக்கு ஒதுக்குங்கள்.

டெல்லி வண்டி மலிவாக வருகிறதே என்று சிலர் கேட்பார்கள். அங்கே டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று நீதிமன்றக் கட்டுப்பாடு வந்ததால்தான் அந்த விலை. அங்கே ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே கொண்டுவந்து, லைஃப் டாக்ஸ் கட்டி, தமிழ்நாடு நம்பர் போட்டு முடித்தால் மலிவு காணாமல் போயிருக்கும்.

மாப்பிள்ளைக்குக் கடைசியில் நாமக்கல்லிலேயே ஒரு 2019 வேகன்ஆர் 1.2 அமைந்தது. ஒரே ஓனர், 46,000 கிலோமீட்டர், சர்வீஸ் ரெக்கார்டும் ஒத்துப்போனது. டயர் நாலும் முடிந்திருந்தன. அந்தப் பணத்தை விலையில் கழித்துக்கொண்டோம். ஆர்.சி.யில் பேங்க் கடன் நிலுவை இருந்தது. பேங்கின் என்.ஓ.சி.யும், கடன் முடிந்தது என்று கையெழுத்திட்ட படிவம் 35ம் கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பத்து நாள் பொறுத்திருந்தார். அரசின் பரிவாகன் இணையதளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்தோம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டும் அன்றே கையெழுத்தாகின. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை, பலருக்கும் தெரிவதில்லை. மாற்றாமல் விட்டால், வண்டி அடிபட்டால் சொந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் வித்தியாசத் தொகை கொஞ்சம் கட்ட வேண்டியிருந்தது. ஃபாஸ்டேக்கையும் பழையவர் மூடிக்கொண்டார், இவர் புதிதாக வாங்கி ஒட்டினார்.

புது டயர் போட்டு டேங்க் நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறித்து வைக்கச் சொன்னேன். நேற்று போன் செய்தார். டவுனும் பைபாஸும் கலந்து 16.4.