இனிஷியலைத் தீர்க்காமல் டிக்கெட் போடாதீர்கள்

மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் பாஸ்போர்ட் ஆபீஸுக்கு வருகிறவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும், வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களின் சான்றிதழ்களைப் பார்த்துச் சரிசெய்து அனுப்புவதும்தான் என் பிழைப்பு. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று புதுசு புதுசாக ஆட்கள் வருகிறார்கள். கொண்டுவருவது அதே பழைய தவறுகள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், விசிட் விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்பவனை நம்பக் கூடாது என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படித்தவர்களும் கோட்டைவிடும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

பெயர்

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்து எழுத வேண்டும். பெயருக்கு ஒரு கட்டம், சர்நேமுக்கு ஒரு கட்டம். பிரவுசிங் சென்டர் பையன் "சர்நேம் என்னண்ணே?" என்று கேட்பான். "நமக்கு ஏதுப்பா அதெல்லாம், சும்மா விடு" என்பார் இவர். சும்மா விட்ட அந்தக் கட்டம் பத்து வருஷத்துக்குக் கூடவே வரும்.

2022 நவம்பரில் யுஏஇ (துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகம்), பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர முடியாது என்று சொல்லிவிட்டது. பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள். அதற்குள் டிக்கெட் போட்டவர்கள் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். அமெரிக்காவில் வேறு கூத்து. இருக்கிற ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர் கட்டத்தில் 'எஃப்என்யு' என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். கே.கே.நகர்ப் பையன் ஒருவனுக்கு அங்கே எடுத்த டிரைவிங் லைசென்ஸிலும் அதுவே ஏறிவிட்டது. பல் டாக்டரிடம் போனால் "மிஸ்டர் ஃப்னு" என்று கூப்பிடுகிறார்களாம். அவன் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைவிட மோசம், காகிதத்துக்கு ஒரு ஸ்பெல்லிங். மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன், ராஜபாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்ளமோ மெக்கானிக்கல். குவைத்தில் வேலை உறுதியாகிவிட்டது. மேஜையில் காகிதங்களைப் பரப்பிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ராஜபாண்டியன். டிப்ளமோவில் எஸ்.ராஜபாண்டி, கடைசி எழுத்து 'ஐ'. ஆதாரில் அதே இடத்தில் 'ஒய்'. ஆதாரைப் பார்த்து பாஸ்போர்ட். அப்பா சண்முகத்துக்குப் பாஸ்போர்ட்டில் 'எஸ்'ஸுக்கு அடுத்து ஒரு 'ஹெச்' உண்டு, பான் கார்டில் கிடையாது. "எல்லாம் நான்தானேண்ணே" என்றான். எனக்குத் தெரியும், தூதரகத்தில் முத்திரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கலாம். சில இடத்தில் ஏற்பார்கள், சில இடத்தில் ஓரமாக வைத்துவிடுவார்கள். இவன் விஷயத்தில் ஓரமாக வைத்தார்கள். அரசிதழில் பெயர் மாற்றம், அப்புறம் பாஸ்போர்ட்டைத் திரும்ப எடுப்பது என்று அலைந்து முடிப்பதற்குள் கம்பெனி வேறு ஆளை எடுத்துவிட்டது. முதலிலேயே ஒழுங்காகப் போட்டிருந்தால் 1,500 ரூபாய் பாஸ்போர்ட் கட்டணத்தோடு போயிருக்கும்.

சரி, என்ன செய்வது? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மூலமாக வையுங்கள். திருத்துவதற்கு அதுதான் பெரும்பாடு. பள்ளிக்கூடத்தில் தொடங்கி சென்னையில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போகும். அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே மற்றதெல்லாம் வரட்டும். ஆதாரில் பெயரை ஆயுசுக்கும் இரண்டு தடவைதான் மாற்ற விடுவார்கள். அவசரத்தில் ஒன்றை வீணாக்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரைப் பெயர்க் கட்டத்திலும், அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்திலும் போடுங்கள். அங்கே போனால் அப்பா பெயரைச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். அப்பா பெயர் அவருடைய சொந்த ஆதாரில் உள்ள எழுத்துகளிலேயே இருக்கட்டும். நாளைக்கு அவரையும் அம்மாவையும் அங்கே அழைக்க விசா போடும்போது, இவர் என் அப்பாதான் என்று காட்ட அதுதான் உதவும்.

கல்யாணமான பெண்கள் கணவர் பெயருக்கு மாறியே ஆக வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கட்டாயமே இல்லை. படிப்புச் சான்றிதழ் அத்தனையும் அப்பா இனிஷியலில் இருக்க, பாஸ்போர்ட்டில் மட்டும் மாற்றினால் மேலே சொன்ன கதை மறுபடி ஆரம்பம். துணைவர் பெயரைச் சேர்த்தால் போதும்.

லேமினேஷன்

செய்யாதீர்கள். சான்றிதழ் உண்மையானது என்று காட்டும் அட்டஸ்டேஷன் முத்திரை ஒரிஜினலின் முதுகில் விழ வேண்டும்.

அப்போஸ்டில் போட்டால் போதுமா?

சான்றிதழ் உண்மையானதுதான் என்று நம் வெளியுறவு அமைச்சகம் கொடுக்கும் சான்றுக்குத்தான் அப்போஸ்டில் என்று பெயர். எந்த நாடு என்று கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள். இந்தச் சான்றை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. அதில் இருக்கும் நாடுகளில் பெரும்பாலும் நம் அப்போஸ்டில் செல்லும். யுஏஇ, குவைத் அதில் இல்லை; தூதரக அட்டஸ்டேஷன் தனியாக வாங்க வேண்டும். ஜெர்மனி ஒப்பந்தத்தில் இருந்தாலும் இந்தியா சேர்ந்ததற்கு ஆட்சேபம் தெரிவித்த நாடு. அதனால் அவர்கள் தூதரகம் என்ன கேட்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எந்த நாடானாலும் பட்டச் சான்றிதழ் முதலில் மாநில அரசின் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும். கடைசி வாரத்தில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய் ஒரே நாளில் வாங்கிவந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். நடக்காது.

கல்யாணப் பதிவு

திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டியவுடன் கோயில் ரசீதையும் பத்திரிகையையும் பத்திரமாக வைப்பவர்கள், சார்பதிவாளர் ஆபீஸை மறந்துவிடுகிறார்கள். 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். மாப்பிள்ளை லீவு முடிந்து பறந்துவிட்டால் கையெழுத்துப் போட யார் வருவது? மனைவியின் விசா அங்கேயே நின்றுவிடும்.

பவர் பத்திரம்

இடம், வீடு இருந்தால், உங்கள் சார்பில் அதைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவருக்குக் கிளம்பும் முன்பே பவர் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கிருந்து அனுப்புவதென்றால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி, தபால் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். வரி கட்ட, வாடகை வாங்க மட்டும் என்றால் அதை மட்டும் எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு மச்சான்மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை.

ஊர் சிம்

ஆதார், வங்கி ஓடிபி எல்லாம் அந்த நம்பரில்தான். தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

வங்கிக் கணக்கு

வெளிநாட்டில் குடியேறிய பிறகு சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுங்கள்.

அம்மா அரைத்த மசாலா

கசகசா சேர்த்திருந்தால் வேண்டாம். யுஏஇ, சவுதியில் அதற்குத் தடை. பொடியில் கலந்திருந்தாலும் அதேதான். பெட்டியை மூடும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.