போன்ல போட்ட கையெழுத்து எங்க செல்லும், எங்க செல்லாது

கீழக்கரைல எங்க தெரு காக்கா (எங்க ஊர்ல அண்ணன இப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருத்தர் துபாய்ல இருக்கார், ஊர்ல இருக்க மனைய விக்கிறதுக்கு தம்பி பேர்ல பவர் (தனக்கு பதிலா செயல்பட அதிகாரம் குடுக்கிற பத்திரம்) எழுதி ஆதார் ஓடிபி போட்டு இ-சைன், அதாவது மின் கையெழுத்து, பண்ணி பிடிஎஃப்பா அனுப்பிட்டார். கீழே பச்சை டிக், தேதி, நேரம் எல்லாம் இருந்துச்சு. தம்பி பிரிண்ட் எடுத்துட்டு பத்திர ஆபிஸ் போனா, இது ஆகாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மனை வாங்க வந்தவர் அட்வான்ஸ திருப்பிக் கேட்டு நிக்கிறார். நம்ம பக்கம் பாதி வீட்ல ஆள் வெளிநாட்டுல, அதான் எழுதுறேன்.

2000ம் வருஷத்து ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டப்படி இ-சைன் நீங்க பேனால போடுற கையெழுத்துக்கு சமம்தான். ஆனா அதே சட்டத்தோட முதல் அட்டவணைல சிலதுக்கு இந்த சட்டமே பொருந்தாதுன்னு போட்டிருக்கு: பவர், உயில், டிரஸ்ட், புரோநோட்டு. 2022ல திருத்தி, ரிசர்வ் வங்கி, செபி (பங்குச்சந்தைய கண்காணிக்கிறது) மாதிரி அமைப்புகளோட கட்டுப்பாட்டுல இருக்க நிறுவனத்துக்கு குடுக்குற பவர், டிமாண்ட் புரோநோட்டு (கேட்டதும் பணம் தர்றேன்னு எழுதுறது) மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு குடுத்தாங்க. அதனால பேங்க் லோனுக்கு இ-சைன் செல்லுச்சே, தம்பிக்கு குடுத்த பவருக்கு ஏன் செல்லாதுன்னு குழப்பிக்காதீங்க. நிலம் விக்கிற ஒப்பந்தமும் 2022ல அந்த பட்டியல்ல இருந்து போயிருச்சு, ஆனா 100 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள நிலத்த விக்க பதிவு கட்டாயம்ங்கிறது அப்படியேதான் இருக்கு.

வெளிநாட்டுல இருந்து பவர் குடுக்கணும்னா பேப்பர்ல அடிச்சு, அங்க இருக்க இந்திய கான்சுலேட்ல (துணைத் தூதரகம்) அதிகாரி முன்னாடி கையெழுத்து போட்டு, சீல் வாங்கி ஒரிஜினல கூரியர்ல அனுப்புங்க, ஸ்கேன் போதாது. இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாள்ல இருந்து 3 மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டணும். வந்த தேதிக்கு அந்த கவர்தான் ஆதாரம்.

புரோநோட்டுலதான் கடற்கரைல நெறைய பேர் ஏமாறுறாங்க. வலை வாங்க, இன்ஜின் ரிப்பேருக்குன்னு கை மாத்துன பணத்துக்கு போன்லயே ஒரு நோட்டு டைப் பண்ணி கையெழுத்து போட்டோவ ஒட்டி அனுப்புறாங்க. கையெழுத்த போட்டோ எடுத்து ஒட்டுறது சட்டம் சொல்ற இ-சைனே கிடையாது. பேப்பர்ல எழுதி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து வாங்குங்க. மத்த பத்திரத்துக்கு ஸ்டாம்ப் குறைஞ்சா அபராதம் கட்டி சரி பண்ணிரலாம், புரோநோட்டுக்கு அந்த வழி இல்ல.

உயிலும் பேப்பர்தான், எழுதுறவர் கையெழுத்து, கூட 2 சாட்சி கையெழுத்து. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு வீடியோல சொன்னது உயில் ஆகாது. பதிவு கட்டாயமில்ல, ஆனா பண்ணிருங்க. முஸ்லிம்களோட வஸிய்யத்துக்கு (அவங்க எழுதுற உயில்) சட்டம் வேற, அதுக்கு விவரம் தெரிஞ்ச வக்கீல்கிட்ட தனியா கேளுங்க.

இறால், நண்டு வெலைய கம்பெனி ஆளோட வாட்ஸ்அப்ல பேசி முடிச்சா அது ஒப்பந்தம்தான், ஐடி சட்டத்துல 10ஏ பிரிவே அதுக்கு இருக்கு. சண்டை வந்தா நிரூபிக்கிறதுதான் கஷ்டம். 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய சாட்சிய சட்டம் 63ம் பிரிவுப்படி ரெண்டு பகுதி சர்டிபிகேட் வேணும், ஒன்னு போன வச்சிருக்கவர் குடுக்கிறது, இன்னொன்னு நிபுணர் குடுக்கிறது. அதனால சாட்ட அழிக்காதீங்க, வெறும் ஸ்க்ரீன்ஷாட்ட நம்பி பழைய போன எக்ஸ்சேஞ்சுல போட்றாதீங்க, அந்த போனே சாட்சி.

காக்கா இப்ப கான்சுலேட்ல அப்பாயின்மென்ட் போட்டிருக்கார். கூரியர் கவர கிழிச்சு குப்பைல போட்றாதன்னு தம்பிகிட்ட ரெண்டு தடவ சொல்லி வச்சிருக்கேன்.