கிராங்க் பேரிங் மாற்றும்போது நடக்கும் தவறுகள்

என்ஜினை இறக்கி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கைக் கழற்றி, அது சுழலும் இடங்களில் புது பேரிங் (இரு பாதிகளாக வரும் உலோக வளையம்) போட்டு ஏற்றிய வண்டி சில மாதங்களிலேயே மறுபடி அடியில் தட்ட ஆரம்பித்தால், முதல் பழி பேரிங் மேல்தான் விழும். ‘டூப்ளிகேட் சரக்கு கொடுத்துட்டான்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். டூப்ளிகேட் சந்தையில் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல நேரம் குற்றம் பேரிங்கில் இருக்காது, அதை உட்கார வைத்த விதத்தில் இருக்கும்.

தவறு கழற்றும்போதே தொடங்கிவிடுகிறது. பழைய பேரிங்கை எல்லாம் ஒரே தட்டில் கொட்டி எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எந்த இடத்தில் இருந்தது, மேல் பாதியா கீழ் பாதியா என்று எழுதி வரிசையாக வைத்துப் பாருங்கள், நோய் தெரிந்துவிடும். நீளவாக்கில் கோடு கோடாகக் கீறியிருந்தால் எண்ணெயில் தூசி போயிருக்கிறது. மேல் பாதியில் ஒரு ஓரமும் கீழ் பாதியில் எதிர் ஓரமும் தேய்ந்திருந்தால், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாம்பல் நிற மேல்பூச்சு போய், கருகி, செம்பு நிறம் தெரிந்தால் அங்கே எண்ணெய் சரியாகப் போகவில்லை. காரணத்தைச் சரி செய்யாமல் புதியதைப் போட்டால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

அடுத்தது அளவு. ‘நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், எங்கேயும் மாட்டலை’ என்பது அளவு பார்த்ததாகாது. ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க்கின் உருண்டைப் பகுதி) பளபளவென்று இருந்தும் வட்டம் கெட்டிருக்கலாம். கனெக்டிங் ராட் மாட்டும் பிக் எண்ட் ஜர்னல் ஒரு பக்கமாகவே அடி வாங்குவதால் முட்டை வடிவமாகத் தேயும். மைக்ரோமீட்டரை ஒரு இடத்தில் வைத்துப் படித்தபின் 90 டிகிரி திருப்பியும் படிக்க வேண்டும். ஜர்னலின் இரண்டு ஓரங்களிலும் இதே மாதிரி பார்க்க வேண்டும். 50 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு, அதற்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள எண்ணெய் இடைவெளி சுமார் 0.05 மில்லிமீட்டர் என்பது பொதுக்கணக்கு. சரியான அளவு அந்தந்த என்ஜினின் மேனுவலில் இருக்கும். இந்த இடைவெளி இரண்டு மடங்கானால், அதன் வழியே வழியும் எண்ணெய் ஏறக்குறைய எட்டு மடங்காகும். புது பேரிங் போட்டும் ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக்குவது பெரும்பாலும் இதனால்தான். கெட்டி ஆயில் ஊற்றினால் லைட் அணையலாம், தேய்மானம் நிற்காது.

தேய்ந்திருந்தால் ஜர்னலை அரைத்துச் சிறிதாக்கும் கிரைண்டிங்தான். ‘பத்து’, ‘இருபது’ என்று பட்டறையில் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. பத்து என்றால் சுமார் 0.25 மில்லிமீட்டர், இருபது என்றால் 0.50. அரைத்த ஜர்னலுக்குப் பொருந்தும் அந்த அண்டர்சைஸ் பேரிங் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகே கிராங்க்கைக் கொடுங்கள். அரைத்துவிட்டுத் தேடி அலைபவர்கள் உண்டு. திரும்பி வந்ததும் ஜர்னலின் ஓரம் பக்கவாட்டுச் சுவரான கன்னத்தோடு சேரும் வளைவைப் பாருங்கள். அது கூர்மையான மூலையாகிவிட்டால் கிராங்க் அங்கேதான் பிளக்கும். அதிகமாகப் பருத்திருந்தால் பேரிங்கின் விளிம்பு அதன் மேல் ஏறி உட்காரும்.

கிரைண்டிங் முடிந்த கிராங்க்கை அப்படியே ஏற்றுவது மகா தப்பு. கிராங்க்குக்குள் எண்ணெய் போகும் துளைகளில் கல்தூளும் இரும்புத்தூளும் ஒட்டியிருக்கும். பிளக் இருந்தால் கழற்றி, நீள பிரஷ் விட்டு மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, மறுபடி கழுவ வேண்டும். என்ஜின் பிளாக்கில் உள்ள ஆயில் வழிகளுக்கும் இதேதான். துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் நூல் துளையில் மாட்டிக்கொள்ளும்.

இனி அரம். பேரிங்கை மூடிப் பிடிக்கும் கேப்பை அரத்தால் ராவும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்தக் காலத்து என்ஜின்களில், உதாரணத்துக்கு 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ-யில், வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிய பேரிங்குகள். கேப்புக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். தேய்ந்தால் ஒரு தகட்டை எடுத்துவிட்டு முடுக்கினால் போதும். அந்த வித்தைதான் பின்னால் தகடில்லாத என்ஜின்களில் கேப்பையே அரத்தால் ராவி ‘டைட்’ செய்வதாக மாறிவிட்டது. இரண்டு மெல்லிய பாதிகளாக வரும் இன்றைய ஷெல் பேரிங்கில் இதற்கு இடமே இல்லை. ஷெல்லின் இரு பாதிகளும் தங்கள் இருக்கையைவிட மயிரிழை நீளமாகச் செய்யப்பட்டவை. கேப்பை முடுக்கும்போது அந்த மிச்சம் நசுங்கி ஷெல் இருக்கையோடு இறுகும். ஷெல் சுழலாமல் நிற்பது அதனால்தான், சூடு வெளியேறுவதும் அதனால்தான். ஓரத்தில் உள்ள சிறு நாக்கு சரியான இடத்தில் வைக்க மட்டுமே உதவும். கேப்பை ராவினால் இருக்கை வட்டம் கெட்டு, ஷெல்லின் முனைகள் உள்ளே பிதுங்கி எண்ணெய்ப் படலத்தை வழித்துவிடும். ஷெல்லுக்குப் பின்னால் காகிதம், ஃபாயில் வைப்பதும் இதே ரகம்.

அதே காரணத்தால்தான் ஷெல்லின் முதுகில் எண்ணெய் தடவக் கூடாது. முதுகும் இருக்கையும் காய்ந்து சுத்தமாக இருக்கட்டும், எண்ணெய் உள்முகத்துக்கு மட்டும். பல என்ஜின்களில், கிராங்க்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கின் ஒரு பாதியில் துளையும் வாய்க்காலும் இருக்கும், மறுபாதி வெறுமையாக இருக்கும். துளை உள்ளது பிளாக் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் அந்த ஜர்னலும், அங்கிருந்து எண்ணெய் வாங்கும் பிக் எண்டும் சொட்டு எண்ணெய் இல்லாமல் ஓடும். கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரில் வாய்க்கால் உள்ள முகம் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும். மெயின் கேப்புகளை பிளாக்கோடு சேர்த்தே துளையிட்டிருப்பார்கள், கேப்பின் மேலுள்ள எண்ணும் அம்புக்குறியும் மாறினால் எந்த பேரிங்கும் நிற்காது. பிஸ்டனை இறக்கும்போது ராட் போல்ட்டுகளில் ரப்பர் ட்யூப் துண்டு மாட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் புதிதாக அரைத்த ஜர்னலில் போல்ட் முனை இடித்து வடு விழும்.

பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் இழை) வைத்துப் பார்ப்பவர்கள் ஜர்னலைத் துடைத்துக் காய்ந்த நிலையில் இழையை வைத்து, மேனுவலில் உள்ள டார்க்கில் (முறுக்கு அளவில்) முடுக்கி, கிராங்க்கைத் துளியும் திருப்பாமல் கழற்ற வேண்டும். திரும்பினால் இழை பூசிப்போய் அளவு பொய்யாகிவிடும். கடைசி முடுக்கலில் ஒவ்வொரு கேப்பாக முடுக்கி, ஒவ்வொரு முறையும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்த கேப்பில் பிடித்ததோ அங்கேதான் கோளாறு. எல்லாவற்றையும் முடுக்கிவிட்டுச் சுற்றாமல் நின்றால் எதைக் கழற்றுவது? ஒருமுறை இழுபட்டால் மறுபடி போடக் கூடாத போல்ட் என்று மேனுவல் சொன்னால், அங்கே சிக்கனம் வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்டில் அவசரம் கூடாது. பெட்ரோல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்துவிட்டு, இடைவெளி விட்டு செல்ஃப் அடித்து, ஆயில் லைட் அணையும்வரை பாருங்கள். அணைந்த பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் லைட் திரும்ப எரிந்தால், ஆக்ஸிலரேட்டரை மிதித்து அணைக்கப் பார்க்காமல் உடனே என்ஜினை நிறுத்திவிடுங்கள்.